பிங்கா வெந்த வாசம்

நவமணிக்குக் காய்ச்சல் விட்ட அன்று காலையில் அகோரப் பசி. பாயில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் காமாரியா கொண்டுவந்த கஞ்சியில் பாதியை ஒரே மூச்சில் குடித்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உப்பு போட மறந்துட்டீங்களா?"

"போட்டேன்லா. இஞ்சிகூட தட்டிப் போட்டிருக்கேன். காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிரும், குடி."

அது 1918ஆம் ஆண்டின் கடைசி. பினாங்கில் அப்போது யாரைப் பார்த்தாலும் அந்தக் காய்ச்சல் பேச்சுத்தான். டத்தோ கிராமாட் ரோட்டை ஒட்டிய அந்தப் பலகை வீட்டு வரிசையில் மட்டும் மூன்று வீடுகளில் சாவு விழுந்திருந்தது. நவமணியின் கணவன் திருநாவுக்கரசுக்கு முதலில் வந்து சீக்கிரமே விட்டுவிட்டது. இவளைத்தான் அது உலுக்கி எடுத்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவன் வேலைக்குப் போன நேரமெல்லாம் காமாரியாதான் நெற்றிக்கு ஈரத்துணி போட்டு, கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். காமாரியாவின் அப்பா நாகப்பட்டினத்து முஸ்லிம், அம்மா மலாய்க்காரி. இரண்டு பாஷையும் ஒரே வாக்கியத்தில் வரும் அவளுக்கு.

ரெண்டு நாள் போயிற்று, ஒரு வாரமும் போயிற்று. நவமணி நடமாட ஆரம்பித்தாள், துணி துவைத்தாள், அடுப்படிக்குத் திரும்பினாள். வாய் மட்டும் திரும்பவில்லை. மிளகாய் சுட்டது. மற்றபடி குழம்பும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான். மூக்கில் சளி இல்லை, அடைப்பு இல்லை, மூச்சு தாராளமாகப் போய் வந்தது. ஆனால் கடுகு தாளித்தால் வெடிக்கிற சத்தம் கேட்டதே தவிர வாசம் வரவில்லை. கறிவேப்பிலையைக் கசக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். கறிவேப்பிலை பச்சையாக இருந்தது, அவ்வளவுதான்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது, வாசம் வரவில்லை என்று அழுவாயா என்பார்கள். அதுவும் சரிதானே. போன மாதம் பாடையில் போனவர்களுக்கு எல்லாமே போய்விட்டது.

கை பழகிய கை. அதுவாக அளந்து போடும் என்று நம்பிச் சமைத்தாள். குழம்பு நன்றாக வந்ததா இல்லையா என்று பார்க்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு வழிதான்: திருநாவுக்கரசு எவ்வளவு சாப்பிடுகிறான் என்பது.

திருநாவுக்கரசு டிராம் வண்டியில் கண்டக்டர். கப்பல் துறை ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் வரைக்கும், திரும்ப ஜெட்டிக்கும், ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் மூன்று பாஷையில் கூவி, ஏறுகிறவனிடம் சீட்டுக் கொடுத்து, தொங்குகிறவனைத் திட்டி, நாள் முழுக்க வாய் ஓயாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயையும் கழற்றி வைத்துவிடுவான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "நல்லா இருக்கா?" என்று ஆரம்பத்தில் நவமணி கேட்டுப் பார்த்தாள். "ம்" என்பான். நல்லதற்கும் "ம்", சுமாருக்கும் "ம்". அதனால் அவள் சட்டியைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். மூன்றாம் தரம் சோறு வாங்கினால் குழம்பு பிரமாதம். இரண்டாம் தரத்தோடு கையைக் கழுவினால் பரவாயில்லை.

காய்ச்சலுக்குப் பிறகு அவன் தினமும் மூன்றாம் தரம் வாங்கினான். சரி, கை நம்மைக் கைவிடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவளுக்கு என்னவோ வேண்டியிருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் எதையோ தின்ன வேண்டும் போல் இருக்கும். என்னது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மத்தியானத்தில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எறும்பு ஏறாமல் இருக்க நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்த, வலைக் கதவு போட்ட சின்ன அலமாரி. புழுங்கலரிசி, துவரம் பருப்பு, ஜவ்வரிசி, காய்ந்த நெத்திலி, அப்பளம், புளி, ஒரு ஜாடியில் ஜாதிக்காய் ஊறுகாய், காகிதத்தில் சுற்றிய இறால் பெலாச்சான் கட்டி, ஓலையில் பொதிந்த தென்னை வெல்லம். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பாள். வெல்லம் மணல் மாதிரி கரைந்தது. ஊறுகாய் பல்லைக் கூசச் செய்துவிட்டுப் போயிற்று.

ஒருநாள் சோற்றுப் பானையைக் கழுவப் போனபோது அடியில் காந்திப்போன சோறு தட்டாக ஒட்டியிருந்தது. அகப்பையால் நெம்பி எடுத்து, சும்மா ஒரு துண்டைக் கடித்தாள். மடக்கென்று உடைந்தது. அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது, தாடை எலும்பு வரைக்கும் போயிற்று. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் கழித்து வாயில் போட்ட ஒன்று, தான் வாயில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இருந்தது.

பிறகு என்ன, தினமும் சோறு அடிப்பிடிக்க ஆரம்பித்தது. கஞ்சி வடித்த பிறகு பானையை வேண்டுமென்றே தணலில் விட்டு வைப்பாள். காந்தலைப் பெயர்த்து வெயிலில் காயப்போட்டு, தேங்காயெண்ணெயில் பொரித்துப் பொடியுப்பு தூவித் தின்றாள். ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி, மிளகாய் அரைத்துக் கலந்து, துணியில் ஊற்றி வடகமாக்கிப் பொரித்தாள். நெத்திலியை முறுக முறுக வறுத்தாள். எது உடையுமோ, எது நொறுங்குமோ அதெல்லாம் வேண்டியிருந்தது. ருசி இல்லாவிட்டால் சத்தமாவது இருக்கட்டும்.

அப்படியிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை முனுசாமி வந்தான். திருநாவுக்கரசு ஏறும் அதே வண்டியின் டிரைவர், தனிக்கட்டை. நவமணி கட்டிக் கொடுக்கும் மத்தியானச் சோற்றில் அவனுக்கும் ஒரு பங்கு எப்போதும் உண்டு. திருநாவுக்கரசு கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். முனுசாமி வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க தம்பி."

"எம்மேல ஏதாச்சும் கோவமா?"

"உங்க மேல எனக்கு என்ன கோவம்?"

"இல்ல, நானே ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். போன வாரம் கொழம்புல உப்பே இல்ல. நேத்து உப்பு மட்டுந்தான் இருந்துச்சு. தேங்கா ஊசிப் போயிருந்துச்சு அண்ணி. சோத்துல தீய்ஞ்ச வாடை. நா உங்க சோத்தத் திங்கிறது உங்களுக்குப் புடிக்கலன்னா நேராவே சொல்லிரலாம்லா. நா சீனன் கடைல சாப்ட்டுக்குவேன்."

கிணற்றடியிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்த திருநாவுக்கரசு இதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றான். முனுசாமி ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தான். தான் என்னவோ உடைத்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"ஊசிப் போன தேங்காயா?" என்றாள் நவமணி.

"ம்."

"நீங்களும் சாப்பிட்டீங்களே."

"சாப்ட்டேன்."

"மூணு தரம் வாங்கினீங்களே!"

"காய்ச்சல்ல கெடந்து எழுந்திருச்சிருக்க. சோறு மிஞ்சிப் போச்சுன்னா உனக்கு மனசு கஷ்டப்படும். அதான் சாப்ட்டு முடிச்சேன்."

அவனைப் பொறுத்தவரை அது அன்பு. நவமணிக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வாசம் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தன்னிடம் மிச்சமிருந்த ஒரே அளவுகோலை இந்த மனிதன் பொய்யாக்கிவிட்டானே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது யோசித்தால் எல்லாமே சந்தேகமாக இருந்தது. காய்ச்சலுக்கு முந்தி மூன்று தரம் வாங்கியதும் இப்படித்தானோ? ஒன்பது வருஷமும் அவள் மனசு நோகக் கூடாதென்றே தின்றானோ?

"எனக்கு வாசமே தெரியல" என்றாள். "ருசியும் தெரியல. காய்ச்சல்லேர்ந்து. நா சொல்லல, என் தப்பு. நீங்க சொல்லியிருக்கலாம்."

அவன் தலை துவட்டிய துண்டைக் கொடியில் போட்டான்.

"இனிமே நா சமைக்கப் போறதில்ல" என்று அடுப்பில் தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சொன்னபடியே செய்தாள். இரண்டு மூன்று நாள் அவன் தெருமுனைக் கடையிலிருந்து ரொட்டியும் பருப்பும் வாங்கி வந்தான். இருவரும் பேசாமல் தின்றார்கள். அவன் பேசாதது புதிதில்லை. அவளும் பேசாதபோதுதான் வீடு எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

சமைப்பதை நிறுத்தினாலும் அந்த ஏக்கம் நிற்கவில்லை. மழை பெய்த ஒரு மத்தியானம், அவளுக்கு என்ன வேண்டும் என்பது திடீரென்று தெரிந்தது. பிங்கா. மரவள்ளிக் கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து மலாய்க்காரர்கள் சுடுவார்களே, அது. காமாரியா பெருநாளுக்குச் சுட்டுத் தருவாள். நடுவில் இழுபடும், மேலே பழுப்பாக ஓடு கட்டியிருக்கும். அந்த ஓரத்துத் துண்டு. பல்லுக்கு முதலில் முறுகலாகவும் அப்புறம் பிசினாகவும் அகப்படுகிற அந்த ஓரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கொல்லையில் மரவள்ளி இருந்தது. ஒரு செடியைப் பிடுங்கினாள். ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்தாள். அலமாரியில் வெல்லம் இருந்தது. தேங்காய் புதிதாகவே உடைத்தாள், இந்தத் தடவை. பித்தளைத் தட்டில் வாழையிலை போட்டு ஊற்றி, கீழே கொஞ்சம் தணல், மேல்மூடியில் கொட்டாங்கச்சித் தணல் நிறைய. காமாரியா செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். எப்போது எடுப்பது என்று மட்டும் அவளுக்கு யோசனையே வரவில்லை. வாசம் வந்ததும் எடுப்பார்கள், அதை யார் தனியாக நினைவு வைத்திருப்பார்கள்? பக்கத்திலேயே உட்கார்ந்து கிண்டிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அலாமா! நவமணி! என்ன எரியுது அங்க?"

காமாரியா முந்தானை விலக ஓடி வந்து, இடுக்கியால் மூடியைத் தூக்கி எறிந்தாள். உள்ளே கரி. புகை இப்போதுதான் நவமணியின் கண்ணுக்குத் தெரிந்தது.

"மூக்கு முன்னால எரிஞ்சுக்கிட்டு இருக்கு, நீ பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிற!"

அப்போதுதான் நவமணி காமாரியாவிடம் சொன்னாள். காமாரியா நம்பவில்லை. அலமாரியைத் திறந்து பெலாச்சான் கட்டியை எடுத்து, காகிதத்தைப் பிரித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். அரைத்த இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்த கட்டி அது. தெருக்கோடியில் வறுத்தால் இந்தக் கோடியில் தெரியும். நவமணி நன்றாக இழுத்து மோந்தாள். "ஒண்ணுமில்லக்கா."

காமாரியா கட்டியைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, பழையபடி சுற்றி வைத்தாள். "அப்ப நெஜந்தான்" என்றாள்.

"இனிமே எனக்குப் பிங்கா சுட வராதுக்கா."

"ஏன் வராது? மூக்கு வேணும், அவ்வளவுதானே. நா வந்து உக்காந்துக்கலாம்தான். ஆனா எனக்கு அஞ்சு புள்ளைங்க. உன் வீட்டுலயே ஒரு மூக்கு சும்மாதானே இருக்கு?"

திருநாவுக்கரசுக்கு அடுத்த ஓய்வு நாள் வந்தது. காலையிலேயே நவமணி கிழங்கைத் துருவி முடித்திருந்தாள். அடுப்பு மூட்டி, தட்டை ஏற்றி, மூடித் தணலை அள்ளிப் போட்டபின் அவனைக் கூப்பிட்டாள். ஒரு மணையை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க. என்ன வாசம் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும்."

அவன் உட்கார்ந்தான். சண்டைக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை; அதனால் என்ன சொன்னாலும் செய்திருப்பான்.

"வாசம் வருது" என்றான்.

"என்ன வாசம்?"

"பிங்கா வாசம்."

"அது எனக்குத் தெரியாதா? இப்ப ஏத்தினது, அதுக்குள்ள பிங்கா வாசம் எப்படி வரும்? சரியாச் சொல்லுங்க."

அவன் முன்னால் குனிந்து மோந்தான். வியர்த்தது. டிராமில் முப்பது பேர் முன்னால் கூச்சமில்லாமல் கத்துகிறவன், அடுப்பு முன்னால் ஒரு வார்த்தைக்குத் தவித்தான்.

"பச்சையா இருக்கு. மழை பெஞ்சதும் மண்ணத் தோண்டினா வருமே, அது மாதிரி."

"சரி. அது கெழங்கு. அப்புறம்?"

"வாழையெல வாசம். கல்யாண வீட்டுல சுடுசோறு போட்டதும் எல வாடுமே."

"ம்" என்றாள் அவள், இந்தத் தடவை அவள்.

கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவனே பேசினான். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான்.

"எங்கப்பா சோத்துல உப்பு கம்மின்னா தட்டத் தூக்கிச் செவுத்துல அடிப்பாரு. எங்கம்மா ஒண்ணும் சொல்லாம குனிஞ்சு பொறுக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. சோத்தப் பத்தி நாம வாயவே தெறக்கக் கூடாதுன்னு அப்பவே எனக்குள்ள ஆயிருச்சு."

நவமணி மூடியின் மேல் தணலைச் சரிசெய்தாள். மாமனாரை அவள் பார்த்ததில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர்.

"கொறை சொல்லாம இருந்தீங்க, சரி. நல்லதச் சொன்னா என்ன?"

"ஒண்ணச் சொன்னா இன்னொண்ணும் சொல்ல வேண்டி வரும்லா."

அவள் சிரித்துவிட்டாள். கோபம் முழுவதும் போகவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது. "அப்ப அந்த மூணு தரம்? காய்ச்சலுக்கு முந்தி வாங்கினது?"

"அதெல்லாம் நெஜம். உன் கெழங்கா மீன் கொழம்புக்கு நா நாலு தரம் வாங்கியிருக்கேன். மறந்துட்டியா? புளி கொதிச்சு அடங்கின பொறவு வெந்தயத்தப் பொடிச்சுத் தூவுவியே, அன்னிக்கெல்லாம் தெருமொனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிரும். முனுசாமிகிட்டக்கூட—"

சட்டென்று நிறுத்தி மூக்கைத் தூக்கினான்.

"இரு இரு. மாறுது."

"என்ன?"

"தேங்காப்பால் கொதிக்கிற வாசம் போயிருச்சு. இப்ப... ஆயர் ஈத்தாம் போற வழில தோட்டத்துல தேங்காய ஒடச்சு அடுப்புப் பொகைல காயப்போட்டிருப்பான்ல? வண்டி அதத் தாண்டும்போது வரும் பாரு. இனிப்பு, கொஞ்சம் எண்ணெ, கொஞ்சம் பொகை. அது."

"தீயற வாசம் இருக்கா?"

"இல்ல. இன்னும் இல்ல. இரு." அவன் ஏறக்குறைய அடுப்புக்குள்ளேயே முகத்தை வைத்திருந்தான். "வெல்லம் பாகு முத்துறப்ப மூக்குல ஏறும்ல... ஏறுது. இப்ப எடு. எடு, எடு!"

அவள் மூடியைத் தூக்கினாள். மேலே பழுப்பாக ஓடு கட்டி, ஓரமெல்லாம் சுருங்கிக் கறுத்த சிவப்பாக இருந்தது. ஆறுவதற்குக்கூட இருவரும் பொறுக்கவில்லை. அவள் ஓரத்தை வெட்டிக் கடித்தாள். முறுகலும் பிசினும் அவள் நினைத்த மாதிரியே இருந்தன. இனிப்பா என்று கேட்டால் தெரியாது. நாக்கின் நுனியில் ஏதோ லேசாகத் தட்டியது மாதிரி இருந்தது; அதுவும் நினைப்பாக இருக்கலாம்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவன் மென்றான். ரொம்ப நேரம் மென்றான். "உப்பு ஒரு சிட்டிகை கூடப் போட்டிருக்கலாம்" என்று பயந்து பயந்து சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் உப்பு ஜாடியைத் திறந்து விரலால் அளவைக் காட்டினாள். "இவ்வளவா?" "அதுல பாதி."

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. காலையில் வேலைக்குப் போகுமுன் திருநாவுக்கரசு அடுப்படிக்கு வந்து, தேங்காயை மோந்து, நேற்று வாங்கிய மீனை மோந்து, குழம்பை ஒரு சொட்டுக் கையில் விட்டு நக்கி, தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் சட்டையை மாட்டுவான். ஆரம்பத்தில் "புளி கூட" "காரம் சரி" என்று இரண்டிரண்டு வார்த்தை. போகப் போக நீண்டது. முனுசாமி திரும்பவும் பங்குக்கு வந்தான். "அண்ணிக்கு என்மேல கோவம் தீந்துருச்சு" என்று அவன் எல்லாரிடமும் சொன்னான். விஷயம் என்னவென்று யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

மறுவருஷம் அரிசிக்குப் பஞ்சம் வந்தது. கடைக்காரன் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தான். ஊரே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்றது. நவமணிக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. கிழங்கில் என்னென்ன செய்யலாம் என்று அவளுக்கு ஏற்கெனவே கை வந்திருந்தது. அந்த வருஷம்தான் மூக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் வந்தது வீட்டுக்குப் பின்னால் ஓடிய சாக்கடை. சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று காமாரியாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். காமாரியா அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு கருவாடு, சாம்பிராணி, மண்ணெண்ணெய். எல்லாம் வரவில்லை. வந்ததும் எல்லாம் ஒழுங்காக வரவில்லை. காப்பி மட்டும் கடைசி வரைக்கும் அவளுக்கு எரிந்த ரப்பர் மாதிரியே இருந்தது. காப்பியை விட்டுத் தேத்தண்ணிக்கு மாறினாள். மல்லிகைப் பூ வாசமே இல்லாத வெள்ளைப் பூவாகிவிட்டது.

மூக்கு ஓரளவு வந்துவிட்டதே என்று திருநாவுக்கரசு பழையபடி வாயை மூடிக்கொள்வானோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது. கொஞ்சம் மூடத்தான் செய்தான். அப்படியிருக்கும்போது ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றியவன் நேராக அடுப்படிக்கு வந்தான்.

"எனக்கு ஒண்ணு சாப்பிடணும் போல இருக்கு" என்றான்.

நவமணி அகப்பையைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாள் முதல் அவன் இது வேண்டும் என்று கேட்டதே கிடையாது. "என்ன வேணும்?"

"பேரு தெரியல. ஆயர் ஈத்தாம் ரோட்டுல வளைவுக்கிட்ட மலாய்க்காரங்க கிராமம், கம்போங் இருக்குல்ல, அதுல ஒரு வீடு. நாலு மணி வண்டி அதத் தாண்டும்போது வாசம் வருது. ஒரு மாசமா. வாழப்பழம் இருக்கு. எண்ணெ இருக்கு. அடியில புளிச்ச மாவு மாதிரி ஒண்ணு. வண்டி போயிருது, அதுக்கு மேல மோந்து பாக்க முடியல."

அலமாரியைத் திறந்தார்கள், இரண்டு பேருமாக. அரிசிமாவு இல்லை. ஜவ்வரிசி மாவு இருந்தது, தேங்காய் இருந்தது, வாழைப்பழம் இரண்டு இருந்தது. பழத்தை வட்டமாக நறுக்கி மாவில் தோய்த்துப் பொரித்தாள். அவன் ஒன்றைத் தின்று தலையை ஆட்டினான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இல்ல." மறுநாள் தேங்காய் சேர்த்தாள். "இது இல்ல." அதற்கடுத்த நாள் எள்ளு. அதுவும் இல்லை. "எறங்கிப் போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். "டிராம நிறுத்திட்டா?" என்றான் அவன். விஷயத்தைக் கேள்விப்பட்ட முனுசாமி அந்த வளைவில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த சீனத் தவுக்கே முதலாளி ஒருவர் மணி பார்த்து முறைத்ததுதான் மிச்சம்.

கடைசியில் நவமணியே போனாள். நாலு மணி வண்டியில் ஏறி முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவன் அவளுக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுத்தான். வளைவு வந்ததும் அவன் நிறுத்தத்தின் பெயரைக் கூவுவதற்குப் பதில் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளும் மோந்தாள். அவள் மூக்கில் அது முழுசாக வரவில்லை, எண்ணெய் மட்டும் கொஞ்சம் தட்டுப்பட்டது. அது போதும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

அந்தக் கம்போங் வீட்டு மலாய்க்காரம்மா வாசலிலேயே அடுப்பு வைத்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். நவமணி தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சட்டியைக் காட்டினாள். நறுக்கவில்லை, தோல் கறுத்து அழுகப் போகிற வாழைப்பழத்தைக் கையாலேயே மசித்து, கொஞ்சம் கோதுமை மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, காலையிலிருந்து அப்படியே மூடி வைத்திருந்தாள். அதுதான் புளிப்பு. உருட்டக்கூட வேண்டாம், விரலால் கிள்ளி எண்ணெயில் போட வேண்டியதுதான். வீட்டில் பழம் மிஞ்சினால் செய்வது, விலைக்கு இல்லை என்றாள். இரண்டு உருண்டையை வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். நவமணி ஒன்றைத் தின்றுகொண்டே அடுத்த வண்டிக்குக் காத்திருந்தாள். இன்னொன்றைக் கணவனுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் அந்த ருசியோடு இவளுடையதை வைத்துப் பார்ப்பான்.

காமாரியாவிடம் கொஞ்சம் கோதுமை மாவு கேட்டு வாங்கினாள். மறுநாள் காலையில் பிசைந்து மூடி வைத்து, அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குச் சரியாக எண்ணெயைக் காயவைத்தாள்.

முதல் உருண்டையை ஊதி ஊதித் தின்றான். "இதுதான்" என்றான். இன்னொன்றை எடுத்தான். மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டே, "பழம் இன்னும் கொஞ்சம் கனிஞ்சிருக்கணும்" என்றான்.

"தாரு முழுக்க வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள் நவமணி, எண்ணெயைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "புதன்கெழமைக்குள்ள கனிஞ்சிரும்." அடுத்த ஈட்டுக்கு மாவைக் கிள்ளி எண்ணெயில் விட்டாள்.